குருத்தோடு போன தண்ணீர்: அஸ்பராகஸ் ஏற்றுமதி சொல்லும் பாடம்

"ஏற்றுமதிப் பயிர் போடுங்க, டாலர்ல காசு வரும்" என்ற பேச்சு நம்ம ஊர்களில் புதிதல்ல. நாற்று தருகிறோம், சொட்டுநீர் போட்டுத் தருகிறோம், விளைந்ததை நாங்களே எடுத்துக்கொள்கிறோம் என்று ஆள் வருகிறார். இயற்கை வேளாண்மைச் சான்று இருந்தால் இன்னும் கூடுதல் விலை என்கிறார். இதில் எவ்வளவு உண்மை? எந்தச் செலவு இந்தக் கணக்கில் வராமலே போகிறது?

பொதுவாகப் பேசினால் வாதம்தான் வளரும். அதனால் இந்தப் பாடத்தில் ஒரே ஒரு பயிரை எடுத்துக்கொள்வோம். கிணற்றடியில் தொடங்கி வெளிநாட்டுக் கடை வரைக்கும் அதன் பின்னாலேயே போய்ப் பார்ப்போம். பயிர், அஸ்பராகஸ். இடம், தென் அமெரிக்காவில் உள்ள பெரு நாடு. நாற்பது ஆண்டுகளுக்குள் ஒரு பாலைவனம் உலகச் சந்தைக்குப் பச்சைக் காய்கறி அனுப்பும் இடமாக மாறிய கதை இது. அந்த மாற்றத்துக்கு யார் என்ன கொடுத்தார்கள் என்று பார்ப்பதுதான் நம் வேலை.

தண்ணீர்விட்டானுக்குப் பங்காளி

அஸ்பராகஸ் என்ற பெயர் புதிதாக இருக்கலாம், குடும்பம் நமக்குத் தெரிந்ததுதான். நம் காட்டோரங்களிலும் வேலிகளிலும் முள்ளோடு படரும் தண்ணீர்விட்டான் கொடி, மருந்துக் கடையில் சதாவரி என்று கேட்டு வாங்குகிறோமே, அதுவும் இதுவும் ஒரே பேரினம். நாம் அதன் கிழங்கை மருந்துக்கு எடுக்கிறோம். ஐரோப்பியர்கள் அவர்கள் ஊர் இனத்தில், மண்ணைப் பிளந்துகொண்டு வரும் இளங்குருத்தைக் காய்கறியாகச் சாப்பிடுகிறார்கள். விரல் தடிமனில், ஒரு சாண் நீளத்துக்கு வெட்டிக் கட்டுக் கட்டாக விற்பார்கள். வெயில் பட்டு வளர்ந்தால் பச்சைக் குருத்து. மண் அணைத்து வெளிச்சம் படாமல் வளர்த்தால் வெள்ளைக் குருத்து.

வணிகத்தைப் புரிந்துகொள்ள இந்தப் பயிரின் மூன்று குணங்கள் முக்கியம்.

ஒன்று, இது பல ஆண்டுப் பயிர். குளிர்நாடுகளில் நட்ட பிறகு முதல் ஓரிரு ஆண்டு குருத்தை வெட்டாமல் விட்டுவிடுவார்கள். வேர் திரண்ட பிறகு பத்து ஆண்டுகளுக்கு மேலும் வெட்டலாம். போட்ட முதல் உடனே திரும்பாது. இடையில் சந்தை மாறினால் செடியைப் பிடுங்கத்தான் வேண்டும்.

இரண்டு, கைவேலை. பருவம் வந்துவிட்டால் குருத்து கண்ணெதிரே வளரும். தினமும் குனிந்து, ஒவ்வொன்றாகக் கத்தியால் வெட்ட வேண்டும். ஒருநாள் விட்டால் நுனி விரிந்து இலையாகப் போய்விடும். ஆகவே செலவில் பெரும்பங்கு கூலிதான்.

மூன்று, குருத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர். வெட்டிய பிறகும் வேகமாக மூச்சு விடும். வெயிலில் சில மணி நேரம் கிடந்தாலே நாரோடிப் போகும். வெட்டியதும் குளிர்நீரில் நனைத்து, இரண்டு டிகிரி அளவுக்குக் குளிர்வித்து, அந்தக் குளிர் விடாமல் கடை வரை கொண்டு போனால்தான் இரண்டு மூன்று வாரம் தாங்கும். விலை பிடிக்கவில்லை, அடுத்த வாரம் பார்க்கலாம் என்று வைத்திருக்க முடியாது.

பருவத்தை உடைத்த கடைகள்

ஐரோப்பாவில் இது வசந்த காலப் பயிர். ஜெர்மனியில் வெள்ளைக் குருத்து வருகிறது என்றாலே ஊரே திருவிழா மாதிரி இருக்கும். ஆனால் ஜூன் 24 அன்று வெட்டு நின்றுவிடும் என்பது அங்கே மரபு. காரணம் உழவருக்குப் புரியும். அதற்குமேல் வெட்டினால் செடிக்கு இலை விரிக்க நேரம் இருக்காது. இலை விரித்து வெயிலைப் பிடித்து வேரில் சத்துச் சேர்த்தால்தான் அடுத்த ஆண்டுக் குருத்து. இங்கிலாந்திலும் ஏப்ரல் கடைசியில் தொடங்கி ஜூன் மூன்றாம் வாரத்தோடு பருவம் முடிந்துவிடும்.

பெரிய கடைகளுக்கு இந்த இரண்டு மாதம் போதவில்லை. அடுக்கில் பன்னிரண்டு மாதமும் சரக்கு இருக்க வேண்டும், நிறமும் நீளமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். அப்படியானால் குளிர்காலமே இல்லாத இடம் தேவை. அப்படித்தான் பெருவின் கடற்கரை கண்ணில் பட்டது.

பெருவின் மேற்குக் கரை முழுக்கப் பாலைவனம். மிதமான வெப்பம், நல்ல வெளிச்சம், மணற்பாங்கான மண். உப்பு கொஞ்சம் இருந்தாலும் இந்தப் பயிர் தாங்கும். மழையே இல்லாததால் பூஞ்சை நோயும் குறைவு. குளிர்நாட்டில் பனிக்காலம் செடிக்கு ஓய்வு கொடுக்கிறது. இங்கே அந்த வேலையைத் தண்ணீர்க் குழாய் செய்கிறது. பாசனத்தை நிறுத்தினால் செடி ஓய்ந்து நிற்கும், திறந்துவிட்டால் குருத்து விடும். ஆண்டுக்கு இரண்டு வெட்டு எடுக்கலாம். எந்த மாதம் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சரக்கு இல்லையோ, அந்த மாதத்துக்குக் குறிவைத்து வெட்டலாம். கேட்பதற்கு அதிசயமாகத்தான் இருக்கிறது. தண்ணீர் மட்டும் வேறு இடத்திலிருந்து வர வேண்டும்.

சந்தையைத் திறந்தது ஒரு சட்டம்

பெருவில் இந்தப் பயிர் முதலில் வந்தது 1950களில், வடக்கே வீரூ பள்ளத்தாக்குப் பக்கம். வெள்ளைக் குருத்தை டப்பாவில் அடைத்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். 1980களின் நடுவில் தெற்கே இக்கா பள்ளத்தாக்கில், அமெரிக்க அரசின் உதவித் திட்டத்தோடு, பச்சைக் குருத்துச் சாகுபடி தொடங்கியது. கலிபோர்னியாவில் உருவாக்கிய இரகம், அங்கிருந்து வந்த தொழில்நுட்பம்.

ஆனால் பெரிய வளர்ச்சி வந்தது ஒரு சட்டத்துக்குப் பிறகு. 1991 டிசம்பரில் அமெரிக்கா ஆண்டிஸ் மலை நாடுகளான பொலிவியா, கொலம்பியா, ஈக்வடார், பெரு நான்குக்கும் வரிச்சலுகை கொடுக்கும் சட்டம் ஒன்றை இயற்றியது. நோக்கம், கோகா இலைச் சாகுபடியைக் குறைப்பது. (சாக்லேட்டுக்குப் போகும் கோகோ வேறு. இது கொக்கைன் போதைப்பொருளுக்கு மூலமான செடி.) வேறு பயிருக்குச் சந்தை கிடைத்தால் உழவர்கள் கோகாவை விட்டுவிடுவார்கள் என்று கணக்கு.

அந்தச் சலுகை எவ்வளவு பெரியது என்று பாருங்கள். பச்சை அஸ்பராகஸுக்கு அமெரிக்காவின் பொது இறக்குமதி வரி, ஆண்டின் பெரும்பகுதிக்கு 21.3 விழுக்காடு. அதாவது 100 ரூபாய் சரக்கு உள்ளே நுழையும்போதே 121 ரூபாய் 30 காசு. சலுகை கிடைத்த பெருவின் சரக்குக்கு இந்த வரி பூச்சியம். பின்னர் 2009 பிப்ரவரியில் இரு நாட்டு வணிக ஒப்பந்தம் நடப்புக்கு வந்தபோது இந்தச் சலுகை நிலையானதாகிவிட்டது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கோகா விளைவது ஆண்டிஸின் கிழக்குச் சரிவில், அமேசான் காட்டை ஒட்டிய ஈரமான மலைப்பகுதியில். அஸ்பராகஸ் விளைவது மேற்கே, கடலோரப் பாலைவனத்தில். நடுவில் முழு மலைத்தொடரும் நிற்கிறது. கோகா போட்ட மலை உழவர் அஸ்பராகஸுக்கு மாற வழியே இல்லை. ஆழ்துளைக் கிணறு, சொட்டுநீர், குளிர்பதனக் கூடம், விமானச் சரக்கு என்று முதல் போட முடிந்த கடலோர நிறுவனங்களுக்குத்தான் சந்தை திறந்தது.

அந்தப் பக்கம் இழந்தவர்கள்

வரி போனால் யாருக்கோ லாபம், யாருக்கோ அடி. அமெரிக்காவின் வடமேற்கே வாஷிங்டன் மாநிலத்தில் 1990களின் தொடக்கத்தில் சுமார் 30 ஆயிரம் ஏக்கரில் அஸ்பராகஸ் இருந்தது. இருபது ஆண்டுகளில் அது 10 ஆயிரம் ஏக்கருக்கும் கீழே இறங்கிவிட்டது. அங்கே டேட்டன் என்ற சிற்றூரில் பல பத்தாண்டுகள் ஓடிய டப்பா ஆலை 2005இல் மூடப்பட்டது. அடைக்கும் வேலை பெருவுக்குப் போய்விட்டது. நல்ல விளைச்சல் கொடுத்துக்கொண்டிருந்த செடிகளை உழவர்கள் உழுது புதைத்தார்கள். 2008 வேளாண் சட்டத்தில் அஸ்பராகஸ் உழவர்களின் சந்தை இழப்புக்கென ஒன்றரைக் கோடி டாலர் ஒதுக்கியது அமெரிக்க நாடாளுமன்றம். அதற்குள் பல தோட்டங்கள் போய்விட்டன.

அந்த உழவர்கள் சாகுபடியில் எந்தத் தவறும் செய்யவில்லை. போதைப்பொருளைத் தடுக்க என்று தலைநகரில் போட்ட ஒரு சட்டம் அவர்கள் வயலில் வந்து விழுந்தது. உலகச் சந்தையை நம்பிப் பல ஆண்டுப் பயிர் போடும் எவருக்கும் இது நடக்கலாம்.

இக்காவின் கிணறுகள்

இப்போது பாடத்தின் நடுப்பகுதிக்கு வருவோம். இக்கா, பெருவின் தலைநகர் லீமாவுக்குத் தெற்கே சுமார் 300 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பள்ளத்தாக்கு. வறட்சி என்றதும் நம் ராமநாதபுரத்தை நினைத்துவிடாதீர்கள். அங்கே ஆண்டுக்கு 800 மில்லிமீட்டரை ஒட்டி மழை பெய்கிறது. இக்காவில் ஆண்டு முழுக்கச் சேர்த்தாலும் சில மில்லிமீட்டர்தான். ஆறு ஒன்று இருக்கிறது. கிழக்கே மலையில் மழை பெய்யும் சில மாதங்கள் மட்டும் அதில் தண்ணீர் ஓடும், மற்ற மாதங்களில் வெறும் மணல்.

இருந்தும் அங்கே ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக உழவு நடந்திருக்கிறது. எப்படி? வெள்ளம் வரும் மாதங்களில் வாய்க்கால் வழியே தண்ணீரைத் திருப்பி வயலை நிறைத்துவிடுவார்கள். இன்கா காலத்திலிருந்தே இருப்பதாகச் சொல்லப்படும் லா அச்சிரானா வாய்க்கால் இன்றைக்கும் பாய்கிறது. வயலில் தேங்கிய தண்ணீரில் ஒரு பங்கு பயிருக்குப் போகும், ஒரு பங்கு மண்ணுக்குள் இறங்கி நிலத்தடியில் சேரும். வறண்ட மாதங்களில் ஆழமில்லாத கிணற்றிலிருந்து அதை இறைத்துக்கொள்வார்கள். ஏரிப் பாசனமும் ஏரிக்குக் கீழே கிணறும் வைத்திருந்த நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அஸ்பராகஸ் இந்த ஏற்பாட்டுக்குள் அடங்காது. ஆற்றில் தண்ணீர் வரும் சில மாதம் மட்டும் அதற்குப் போதாது, ஆண்டு முழுக்க வேண்டும். ஆகவே ஆழ்துளைக் கிணறுகள் வந்தன. பள்ளத்தாக்கை ஒட்டி, பயிரே இல்லாமல் கிடந்த வில்லாகூரி மணல்வெளியும் பச்சையானது. அங்கே ஆற்றுப் பாசனம் கிடையாது, முழுக்க நிலத்தடி நீர்.

தண்ணீர் அளவை நம்ம கணக்கில் போட்டுப் பார்ப்போம். ஓர் ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் நின்றால் அது சுமார் 4,000 லிட்டர். பயிருக்கு ஒரு நாளைக்கு 4 மில்லிமீட்டர் தேவை என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால் 16,000 லிட்டர். வருடத்தில் 300 நாள் பாசனம் என்றால் 48 லட்சம் லிட்டர். மழை கணிசமாகப் பெய்யும் ஊரில் இதில் ஒரு பகுதியை வானம் தரும். இக்காவில் வானம் தருவது அநேகமாக ஒன்றுமில்லை. அவ்வளவும் கிணறு தர வேண்டும்.

2010இல் பிரிட்டனிலும் பெருவிலும் உள்ள தொண்டு அமைப்புகள் சேர்ந்து இக்காவின் தண்ணீர் பற்றி ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டன. சில இடங்களில் நிலத்தடி நீர்மட்டம் ஆண்டுக்கு 8 மீட்டர் வரை இறங்குவதாக அதில் பதிவு செய்தார்கள். எட்டு மீட்டர் என்றால் 26 அடி. ஒவ்வொரு ஆண்டும்.

நீர்மட்டம் இறங்கும்போது எல்லோருக்கும் ஒரே நாளில் தண்ணீர் வற்றாது. முதலில் வற்றுவது சிறு உழவரின் ஆழம் குறைந்த கிணறு. பக்கத்துத் தோட்டத்தின் பெரிய போர் இன்னும் பல ஆண்டு ஓடும். சிறு உழவர் ஆழப்படுத்தக் கடன் வாங்க வேண்டும், அல்லது நிலத்தைக் கொடுத்துவிட்டுக் கூலிக்குப் போக வேண்டும். நீர்மட்டம் இறங்குவதைப் பார்த்த அரசு, புதுக் கிணறு தோண்டத் தடை போட்டது. தடை வந்த பிறகு பெரியவர்கள் சிறு உழவர்களின் பழைய கிணறுகளை வாங்கி, குழாய் போட்டுத் தண்ணீரைத் தங்கள் தோட்டத்துக்குக் கொண்டுபோனார்கள். சட்டம் இருந்தது, தண்ணீர் மட்டும் கைமாறிவிட்டது.

வெளிநாட்டுக் கடனும் இதில் உண்டு. உலக வங்கிக் குழுமத்தின் தனியார் துறைக் கடன் நிறுவனம் இங்குள்ள ஒரு பெரிய ஏற்றுமதி நிறுவனத்துக்குக் கடன் கொடுத்து வந்தது. 2009இல் உள்ளூர் நீர்ப் பயனாளிகள் அந்தக் குழுமத்தின் குறைதீர் அமைப்பிடம் முறையிட்டார்கள். தண்ணீர் பாதிப்பை ஒழுங்காகப் பார்க்காமல் கடன் முடிவு நகர்ந்திருக்கிறது என்று அந்த அமைப்பின் தணிக்கையே 2011இல் குறை சொன்னது.

அண்மை ஆண்டுகளில் இக்காவின் நிலத்தடி நீர்ப் பயனாளிகள் சங்கம், வெள்ளக் காலத்தில் ஆற்று நீரைக் குளங்களில் விட்டு மண்ணுக்குள் ஊறவைக்கிறது. நல்ல வேலைதான். ஆனால் பழைய வாய்க்கால் பாசனம் செலவில்லாமல் செய்துவந்ததைத்தான் இப்போது காசு போட்டுச் செய்கிறார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

சொட்டுநீர் தண்ணீரை மிச்சம் பண்ணியதா?

இந்தக் கேள்வி நமக்கு ரொம்ப முக்கியம். இக்காவின் அஸ்பராகஸ் தோட்டங்களில் இருப்பது நல்ல சொட்டுநீர்ப் பாசனம். ஏக்கருக்கு ஆகும் தண்ணீர் குறைகிறது என்பது சரிதான். அப்புறம் ஏன் நீர்மட்டம் இறங்கியது?

ஒரு சின்னக் கணக்கு. முன்பு 100 ஏக்கரில் வாய்க்கால் பாசனம், ஏக்கருக்கு 10 பங்கு தண்ணீர் என்று வைப்போம். மொத்தம் 1,000 பங்கு. அதில் 3 பங்கு மண்ணில் இறங்கி நிலத்தடிக்குத் திரும்புகிறது என்றால் நிகரச் செலவு 700. இப்போது சொட்டுநீர் வந்து ஏக்கருக்கு 7 பங்கு போதும் என்றாகிறது. மிச்சமான தண்ணீரை வைத்து 300 ஏக்கராக விரிக்கிறார்கள். செலவு 2,100 பங்கு. திரும்பி இறங்குவது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. ஏக்கர் கணக்கில் சிக்கனம், ஊர்க் கணக்கில் மூன்று மடங்கு செலவு.

எண்கள் புரிந்துகொள்வதற்காகப் போட்டவை. நடக்கும் விதம் இதுதான். சொட்டுநீரைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. மொத்தத்தில் எவ்வளவு இறைக்கலாம் என்று ஊர் ஒரு வரம்பு போடாதவரை, சொட்டுநீரில் மிச்சமாகும் தண்ணீர் நிலத்துக்குள் நிற்காது, அடுத்த தோட்டத்துக்குப் போய்விடும்.

மலைமேல் இருப்பவர்கள்

கடலோரத்தில் தண்ணீர் போதாதபோது கண் மலைமேல் போனது. இக்காவுக்குக் கிழக்கே வான்கவெலிக்கா மலைப்பகுதி. அங்கே பல பத்தாண்டுகளுக்கு முன்பே சோக்லோகோச்சா என்ற மலை ஏரியிலிருந்து கால்வாய் வெட்டி இக்கா ஆற்றில் தண்ணீர் சேர்த்திருந்தார்கள். அதை இன்னும் நீட்டும் திட்டம் வந்தபோது, மலையில் அல்பாக்கா மேய்த்து வாழும் கார்வாஞ்சோ ஊர்மக்கள் எதிர்த்தார்கள். அவர்களுடைய மேய்ச்சல், ஊற்று ஈரத்தில் நிற்கும் புல்வெளியை நம்பியது. தண்ணீரைக் கால்வாயில் திருப்பினால் புல் காயும். 2007இல் அவர்கள் வழக்கை லத்தீன் அமெரிக்கத் தண்ணீர்த் தீர்ப்பாயம் வரை கொண்டுபோனார்கள். பெருவின் வறுமை மிகுந்த மலைப்பகுதிகளில் ஒன்று வான்கவெலிக்கா. லண்டன் கடையில் கட்டு வாங்குகிறவருக்கு அந்த ஊர்ப்பெயர்கூடத் தெரியாது.

வேலை கிடைத்தது, கூலி?

ஒருபக்கம் மட்டும் பேசக் கூடாது. இந்த ஏற்றுமதியால் இக்காவில் வேலை பெருகியது உண்மை. மலையிலிருந்து ஆயிரக்கணக்கானோர் இறங்கி வந்தார்கள். பொதி கட்டும் கூடங்களில் பெண்களுக்குக் கையில் காசு வந்தது. அதை அவர்கள் சிறிதாக நினைக்கவில்லை, நாமும் நினைக்க வேண்டாம்.

ஆனால் அந்த வேலை 2000ஆம் ஆண்டில் வந்த ஒரு தனிச் சட்டத்தின் கீழ் நடந்தது. வேளாண் ஏற்றுமதியை வளர்க்க என்று நிறுவனங்களுக்கு வருமான வரியைக் குறைத்தார்கள். தொழிலாளர்களுக்கு விடுப்பு, பணிப்பாதுகாப்பு போன்றவற்றில் மற்ற துறைகளைவிடக் குறைவு. 2020 நவம்பர் கடைசியில் இக்கா தொழிலாளர்கள் நெடுஞ்சாலையை மறித்து உட்கார்ந்தார்கள். அப்போது நாள்கூலி சுமார் 39 சோல். அவர்கள் கேட்டது 70. சில நாட்களிலேயே, டிசம்பர் முதல் வாரத்தில், நாடாளுமன்றம் அந்தச் சட்டத்தை நீக்கியது. போராட்டம் வடக்கே வீரூ பக்கமும் பரவியது, உயிரிழப்பும் நடந்தது. ஏற்றுமதி வளர்ந்த இருபது ஆண்டில் கூலி தானாக வளரவில்லை. சாலையில் உட்கார்ந்த பிறகுதான் சட்டம் மாறியது.

விமானமும் புகைமருந்தும்

இயற்கை உழவர்களுக்கு இந்தப் பகுதியில் தனிப் பாடம் இருக்கிறது.

வெட்டிய குருத்து குளிர்வண்டியில் லீமா விமான நிலையத்துக்கும், அங்கிருந்து விமானத்தில் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போகிறது. கப்பலில் போவதும் உண்டு. விமானத்தில் போகும்போது, ஒரு டன் சரக்கை ஒரு கிலோமீட்டர் நகர்த்த ஆகும் கரிப்புகை, கப்பலைப்போல் சுமார் 50 மடங்கு. இரசாயன உரம் போடாமல் விளைவித்தோம் என்ற பெருமை வானத்திலேயே கரைந்துவிடுகிறது. இது பற்றிப் பிரிட்டனின் இயற்கை வேளாண் சான்று அமைப்பான சாயில் அசோசியேஷன், விமானத்தில் வரும் பொருளுக்குச் சான்று கொடுக்கலாமா என்று 2007இல் பொது விவாதமே நடத்தியது. தடை போட்டால் ஏழை நாட்டு உழவர்கள் பாதிக்கப்படுவார்கள் என்ற மறுப்பும் அதில் பலமாக எழுந்தது. இரண்டு பக்கத்திலும் நியாயம் இருந்தது.

அடுத்தது துறைமுகம். பெருவின் அஸ்பராகஸில் ஒருவகை அந்துப்பூச்சியின் முட்டையும் புழுவும் வரலாம் என்று, அமெரிக்கா நெடுங்காலம் அதற்கு மெத்தில் புரோமைடு புகையூட்டலைக் கட்டாயமாக்கி வைத்திருந்தது. ஓசோன் படலத்தைக் கெடுக்கிறது என்று மான்ட்ரியல் உடன்பாட்டின் கீழ் உலகமே கைவிட்டுவரும் மருந்து இது. ஆனால் எல்லைப் பூச்சித்தடுப்புக்கு மட்டும் விலக்கு உண்டு. வயலில் நீங்கள் எவ்வளவு தூய்மையாக விளைவித்திருந்தாலும், இந்தப் புகை பட்டுவிட்டால் அமெரிக்க விதிப்படி அந்தச் சரக்கை இயற்கை விளைபொருள் என்று விற்க முடியாது. சான்றுக்குச் செலவழித்த காசு வாசலோடு போச்சு.

இன்னொன்றையும் கவனியுங்கள். சான்று அதிகாரி உங்கள் உரத்தைக் கேட்பார், பூச்சிமருந்தைக் கேட்பார், பக்கத்து வயலின் இடைவெளியைக் கேட்பார். ஊர் நீர்மட்டம் ஐந்தாண்டில் எவ்வளவு இறங்கியது என்பதை வைத்துச் சான்று நிற்பதோ விழுவதோ பெரும்பாலும் இல்லை. நிலத்தடி நீரைக் காலி செய்து விளைவித்த பொருளும் இயற்கை விளைபொருள் முத்திரையோடு போக முடியும். அந்தக் கேள்வியை நாமேதான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சந்தை நகர்ந்துவிட்டது

பெரு கற்றுக்கொடுத்த வழியில் மற்றவர்களும் வந்தார்கள். அமெரிக்காவுக்குப் பக்கத்திலேயே இருக்கும் மெக்சிகோ, லாரியிலேயே சரக்கை அனுப்புகிறது. அங்கும் சோனோரா பாலைவனத்தின் கபோர்கா பகுதியில்தான் பெருஞ்சாகுபடி, அங்கும் நிலத்தடி நீர் வரம்பு மீறி எடுக்கப்படுகிறது. பெருவின் பெரிய நிறுவனங்கள் பல இப்போது ப்ளூபெர்ரி, திராட்சை, அவகேடோ என்று மாறிவிட்டன. ப்ளூபெர்ரி ஏற்றுமதியில் பெரு இன்று உலகின் முன்னணி நாடு.

நிறுவனத்துக்குப் பயிர் மாற்றுவது ஒரு முதலீட்டு முடிவு. இறங்கிய நீர்மட்டம் மட்டும் பயிரோடு மாறாது, அந்த ஊரிலேயே தங்கிவிடும்.

நாம் கேட்க வேண்டியவை

ஏற்றுமதியே கூடாது என்று இந்தப் பாடம் சொல்லவில்லை. மிளகையும் ஏலத்தையும் பல நூறு ஆண்டுகளாகக் கடல் தாண்டி அனுப்பிய மண் நம்முடையது. ஆனால் காய்ந்த சரக்குக்கும் பச்சைச் சரக்குக்கும் பெரிய வேறுபாடு உண்டு. மஞ்சள், மிளகு, சதாவரிக் கிழங்கு போன்றவை காய்ந்தபின் மூட்டையில் காத்திருக்கும், கப்பலில் போகும். விலை படியவில்லை என்றால் இந்த மாதம் விற்காமல் இருக்கலாம். பச்சைக் குருத்துக்கு அந்தப் பொறுமை கிடையாது. வெட்டிய மணி நேரத்திலிருந்து பேரம் பேசும் பலம் வாங்குகிறவர் கைக்குப் போய்விடுகிறது. குளிர்கூடம் யாருடையதோ, விலை அவருடையது.

யாராவது ஏற்றுமதி ஒப்பந்தத்தோடு வந்தால், கையெழுத்துப் போடும் முன் உங்கள் உழவர் குழுவில் உட்கார்ந்து இவற்றைப் பேசுங்கள்.

1. இந்தப் பயிருக்கு ஏக்கருக்கு ஆண்டுக்கு எத்தனை லட்சம் லிட்டர் தண்ணீர் வேண்டும்? அதில் மழை எவ்வளவு தரும், கிணறு எவ்வளவு தர வேண்டும்?

2. நம் ஊரில் ஐந்து கிணறுகளின் நீர்மட்டத்தைக் கோடையில் ஒருமுறை, மழை முடிந்து ஒருமுறை அளந்து எழுதி வைத்திருக்கிறோமா? கயிறும் கல்லும் இருந்தால் போதும். இல்லையென்றால் இந்த ஆண்டே தொடங்குவோம்.

3. பத்துப் பேர் இதே பயிரைப் போட்டால் ஊரில் ஆழம் குறைந்த கிணறு யாருடையது? அவர் இந்தக் கூட்டத்தில் இருக்கிறாரா?

4. முதல் போட்டு எத்தனை ஆண்டில் திரும்பும்? அதற்கு முன் வாங்குகிறவர் வேறு நாட்டுக்குப் போய்விட்டால் அந்தப் பயிரை உள்ளூரில் யார் சாப்பிடுவார்கள்?

5. அளவிலும் நிறத்திலும் தேறாத சரக்கு யார் கணக்கில் போகும்? அதை ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறார்களா?

6. சரக்கு போகும் வழியில் கட்டாயப் புகையூட்டல் உண்டா? இருந்தால் இயற்கைச் சான்றின் கூடுதல் விலை கிடைக்குமா?

7. இந்தச் சந்தை நிற்பது நம் விளைச்சலின் தரத்தை நம்பியா, வேறொரு நாட்டின் வரிச்சலுகையை நம்பியா?

இந்த ஏழுக்கும் பதில் கிடைத்த பிறகு பயிர் போடலாமா வேண்டாமா என்பதை நீங்களே முடிவு செய்யலாம். இரண்டாவது கேள்விக்கான அளவை மட்டும் குழுவாகச் சேர்ந்து எழுதத் தொடங்குங்கள். கோடையில் ஒன்று, மழைக்குப் பின் ஒன்று, மூன்று ஆண்டு அளந்தால் உங்கள் ஊரின் தண்ணீர்க் கணக்கு உங்கள் கையிலேயே இருக்கும். அப்புறம் எந்த வியாபாரி வந்தாலும் அந்த நோட்டை எடுத்து நடுவில் வைத்துவிட்டுப் பேச்சைத் தொடங்கலாம்.